முதுசம் இல்லாத வாரிசு
நகைச்சுவை நடிகர் பெர்னாந்தெல்லின் வாழ்க்கை

லாச்சப்பலில் நம்மவர் கடைகள் வரிசையாக அமைந்திருக்கும் போபூர் சென் டெனி வீதி, வடக்குப் புகையிரத நிலையத்தைத் தாண்டித் தெற்கே சென்று, பதினான்காம் லூயி மன்னனின் வெற்றிகளை நினைவுகூரும் சென் டெனி வாயிலில் முடிகின்றது. அவ்வாயிலை அடைவதற்குச் சற்று முன்னர் வலப்புறமாகப் பிரிவது எஷிக்கியே வீதி. அதன் 10 ஆம் இலக்கத்தில் ஒரு காலத்தில் கொன்செர் மயோல் என்னும் புகழ்பெற்ற இசையரங்கு இயங்கிவந்தது. இன்று அவ்வரங்கு இல்லை. 1930 ஆம் ஆண்டில், தென்பிரான்சிலிருந்து வந்த ஓர் இளைஞர் அதன் மேடையில் பாடிக்கொண்டிருந்தார். நீண்ட முகம், பெரிய பற்கள், பாரிஸ் மக்களுக்குச் சிரிப்பூட்டும் தெற்கத்திய உச்சரிப்பு. அவரைப் பார்த்த திரைப்பட இயக்குநர் மார்க் அலெக்ரே, தம் படத்தில் சிறு வேடம் ஒன்றைக் கொடுத்தார். பிரெஞ்சு மக்களை அடுத்த நாற்பது ஆண்டுகள் சிரிக்கவைத்த பெர்னாந்தெல் திரையுலகுக்குள் நுழைந்தது இவ்விதமே.

பெயரை அறியாவிட்டாலும் முகத்தை நம்மவரிற் பலர் அறிவர். பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் அடிக்கடி காட்டப்படும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில், கருப்பு அங்கி அணிந்து கிராமத்து மேயருடன் மல்லுக்கு நிற்கும் பாதிரியார் அவரே. ஒரு பசுவைக் கயிற்றிற் பிடித்தபடி அந்நிய நாட்டின் சாலைகளில் நடந்து செல்லும் போர்க்கைதியும் அவரே. மொழி முழுவதும் விளங்காத காலத்திலும் அப்படங்களைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது என்பதே அவருடைய ஆற்றலுக்குச் சான்று.

அவர் நடித்த நூற்றுக்கு மேற்பட்ட படங்களில் ஒன்று 1940 இல் வெளிவந்த 'மொந்தெசீர் குடும்பத்தின் வாரிசு'. கிராமத்துத் தபாற்காரன் ஒருவன் எதிர்பாராத வகையில் ஒரு பிரபுவின் மாளிகைக்கு வாரிசாகும் நகைச்சுவைக் கதை அது. அதில் நடித்தவரின் சொந்த வாழ்க்கையும் ஒருவகையில் எதிர்பாராத வாரிசின் கதையே. ஆயினும் அவருக்குக் கிடைத்தது மாளிகையன்று.

யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைச் சட்டம் ஒரு குடும்பத்தின் சொத்தை மூன்றாகப் பகுக்கின்றது. முன்னோர் வழியில் வருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். இல்வாழ்க்கைக் காலத்தில் முயன்று சேர்ப்பது தேடியதேட்டம். காணி உறுதிகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு காணியை இழந்து வாழ்ந்தவர்கள் நாம். 1990 முதல் வலிகாமம் வடக்கிற் பறிபோன காணிகள் பல தசாப்தங்களின் பின்னரே பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆகவே, பிள்ளைகளுக்கு எதை விட்டுச்செல்வது என்ற கேள்வி நமக்குச் சாதாரணமான கேள்வியன்று. பெர்னாந்தெல்லின் வாழ்வை அந்த மூன்று சொற்களைக் கொண்டே பார்ப்பது பொருத்தமாகும்.

துறைமுக நகரத்துப் பிள்ளை

பெர்னான் ஜோசெப் தெசிரே கொந்தாந்தன் என்பது அவருடைய இயற்பெயர். 1903 மே 8 ஆம் திகதி மார்செய் நகரிற் பிறந்தார். கொழும்புக்கும் புதுச்சேரிக்கும் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகம் அது. நீர்மூழ்கித் தொழிலாளர் முதல் கூலிக்கு மூட்டை சுமப்போர் வரை பல நாட்டவரும் கலந்து வாழ்ந்த நகரம். தந்தைவழி மூதாதையர் வட இத்தாலியின் பியெமொந்தே மலைப்பகுதியைச் சேர்ந்தவர்கள்.

அக்காலத்தில் தென்பிரான்சில் இத்தாலியர் என்றால் மரியாதை இருக்கவில்லை. குறைந்த கூலிக்கு வேலை செய்து உள்ளூரவரின் பிழைப்பைக் கெடுப்பவர்கள் என்று அவர்கள் மீது பழி சுமத்தப்பட்டது. 1881 இல் மார்செய் நகரில் இத்தாலியருக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. 1893 இல் எக் மோர்த் உப்பளங்களில் இத்தாலியத் தொழிலாளர் பலர் அடித்துக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்வுக்குப் பத்தாண்டுகளின் பின் பிறந்த, இத்தாலிய வேரைக் கொண்ட ஒரு குழந்தை, பிற்காலத்தில் பிரெஞ்சுத் தன்மையின் உருவமாகவே உலகெங்கும் கருதப்படும் என அன்று எவரும் எண்ணியிருக்க முடியாது.

தந்தை தெனி கொந்தாந்தன் அலுவலக எழுதுவினைஞர். விடுமுறை நாட்களில் உள்ளூர் மேடைகளில் நகைச்சுவைப் பாடல்கள் பாடுவார். தம் பெயரைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, சினெட் என்னும் மேடைப்பெயரை அமைத்துக்கொண்டார். பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றார். சிறுவன் பெர்னான் பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கிய வயதிலேயே மேடையும் ஏறிவிட்டான். சகோதரர் மார்செலும் பின்னர் நடிகராகி, தந்தையின் அந்தத் திருப்பிப்போட்ட பெயர் உள்ளடங்குமாறு பிரான்சினெட் எனத் தம்மை அழைத்துக்கொண்டார்.

காணியோ வீடோ வியாபாரமோ அத்தந்தையிடம் இருக்கவில்லை. மாலைநேரத்துப் பாட்டும், சபையைச் சிரிக்கவைக்கும் பழக்கமும், மார்செய் நகரின் உச்சரிப்பும், குதிரையின் முகத்துக்கு ஒப்பிடப்பட்ட அந்த நீண்ட முகமுமே மகனுக்குக் கிடைத்த முதுசம். அவற்றுள் எதுவும் விலை போகும் பொருளாக அப்போது தோன்றவில்லை. இளைஞனாகிய பெர்னான் வங்கிகளில் வேலை பார்த்தார். வேறு சிறு தொழில்களும் செய்தார். எதிலும் நிலைக்கவில்லை. கணக்கேட்டை விட அவரது மனம் மேடையையே நாடிக்கொண்டிருந்தது.

மாமியார் வீட்டுப் பெயர்

பெர்னானின் நெருங்கிய நண்பர் ஜான் மான்ஸ். பாடல் புனையும் ஆற்றல் கொண்டவர். அவருடைய சகோதரி ஆன்ரியெத் மீது பெர்னானுக்குக் காதல் உண்டானது. அவர் அவ்வீட்டு வாசலுக்கு வரும்போதெல்லாம், பெண்ணின் தாயார் மகளிடம் அவளுடைய பெர்னான் வந்திருப்பதாகக் கேலியாக அறிவிப்பாராம். அவளுடைய பெர்னான் என்பதைப் பிரெஞ்சில் சொன்னால் பெர்னான் தெல் என ஒலிக்கும். அந்தக் கேலியே மேடைப்பெயராயிற்று. 1925 இல் திருமணம் நடைபெற்றது. மரணம் வரை நீடித்த இல்லறம் அது. ஜோசெத், ஜனின் என இரு பெண்களும், 1935 இல் பிறந்த பிராங் என்னும் மகனும் அவர்களுக்குப் பிறந்தனர்.

பெயரோடு சீதனம் முடிந்துவிடவில்லை. மைத்துனர் ஜான் மான்ஸ் வாழ்நாள் முழுவதும் அவருக்காகப் பாடல்களும் உரையாடல்களும் எழுதினார். ஆக, உலகம் அறிந்த பெயரும் அப்பெயரை நிலைநிறுத்திய பாடல்களும் பெண்வீட்டிலிருந்தே வந்தன. சீதனம் என்றதும் பெண்ணைப் பெற்றவர்களின் கடன்சுமையை மட்டுமே எண்ணிப் பழகிவிட்ட நமக்கு, இப்படியும் ஒரு சீதனம் உண்டென்பது சிந்திக்கத்தக்கது.

அந்நாளில் பிரெஞ்சு இசையரங்குகளில் சிப்பாய்க் கோமாளி என்றொரு வேடம் மிகவும் விரும்பப்பட்டது. பொருந்தாத சீருடையும் அப்பாவித்தனமும் கொண்ட நாட்டுப்புறச் சிப்பாயாக வந்து பாடுவது அதன் இலக்கணம். பெர்னாந்தெல் அவ்வேடத்திற் தேர்ந்தவரானார். 1928 இல் மார்செய் நகரின் ஓர் அரங்கில், பாரிசிலிருந்து வந்த பாடகருக்குச் சபையோர் எதிர்ப்புக் காட்டிவிடவே, அவரிடத்தை நிரப்ப உள்ளூர்க்காரரான பெர்னாந்தெல் அழைக்கப்பட்டார். அந்த வெற்றியே தலைநகருக்கு வழியைத் திறந்தது. அவ்வாண்டின் முடிவில் பாரிசின் பொபினோ அரங்கில் மேடையேறினார். பின்னர் கொன்செர் மயோல், அங்கிருந்து திரையுலகம்.

காலமும் அவருக்குத் துணை செய்தது. ஊமைப்படம் மறைந்து பேசும்படம் தோன்றிய வேளை அது. பேசும்படத்துக்குக் குரல் வேண்டும். தனித்து அடையாளம் காணத்தக்க குரலாயின் இன்னும் நன்று. பாரிஸ் நாடகமேடையில் காவிய நாயகர்கள் தெற்கத்திய உச்சரிப்பிற் பேசுவதில்லை. அந்த உச்சரிப்பு வேலைக்காரனுக்கும் விகடனுக்கும் உரியதென ஒதுக்கப்பட்டிருந்தது. பெர்னாந்தெல் அதை மாற்றிக்கொள்ள முயலவில்லை. முகத்தையும் மறைக்கவில்லை. எவற்றைக் கண்டு பிறர் சிரித்தனரோ அவற்றையே தமது தொழிலின் மூலதனமாக்கினார்.

வேலையாளும் மளிகைக்கடைப் பையனும்

1932 இல் வெளிவந்த 'மதாம் உய்சோனின் ரோசியே' அவருக்குப் பெயர் பெற்றுக்கொடுத்தது. மோப்பசான் எழுதிய சிறுகதையைத் தழுவிய படம். ஒழுக்கத்திற் சிறந்த பெண்ணுக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க விரும்பும் ஊரில், தகுதியான பெண் எவரும் அகப்படாமையால் ஓர் அப்பாவி இளைஞனுக்கு அப்பரிசை வழங்கிவிடுகிறார்கள். தனக்குரியதல்லாத பெருமை திடீரெனத் தலைமேல் வந்து விழும்போது திகைத்து நிற்கும் மனிதன்: இவ்வேடமே அவருக்கு மீண்டும் மீண்டும் வாய்த்தது.

அவருக்குள் இருந்த ஆழமான நடிகரை வெளிக்கொணர்ந்தவர் மார்செல் பாஞோல். மார்செய்க்கு அருகிலுள்ள ஒபாஞ் நகரிற் பிறந்த அந்த எழுத்தாளர், தம் மண்ணின் மொழியையும் மனிதரையும் திரைக்குக் கொண்டுவந்தவர். 1934 இல் அவர் இயக்கிய 'அஞ்செல்' படத்தில் பெர்னாந்தெல் ஒரு பண்ணை வேலையாள். ஏமாற்றப்பட்டு நகரத்திற் சீரழிந்துபோன எசமானின் மகளைத் தேடிச்சென்று, அவளையும் கைக்குழந்தையையும் ஊருக்கு அழைத்துவருபவன் அவனே. ஊரார் கண்ணிற் படாமல் தந்தை மகளை நிலவறையில் ஒளித்துவைக்கிறார். மானம் போய்விட்டதென அஞ்சும் தந்தைக்கும், அவமானத்தால் ஒடுங்கிப்போன மகளுக்கும் இடையில் அந்தப் படிப்பறிவற்ற வேலையாள் காட்டும் கனிவு, நகைச்சுவை நடிகர் என்ற வட்டத்தைத் தாண்டி அவரை உயர்த்தியது.

1938 இல் வந்தது 'ஸ்புந்த்ஸ்'. சிற்றூர் மளிகைக்கடைக்காரரின் மருமகனுக்குத் தான் பெரும் சோகநடிகன் என்ற எண்ணம். படப்பிடிப்புக்கு வந்த குழுவினர் விளையாட்டாக ஒரு பொய்யான ஒப்பந்தத்தை எழுதிக்கொடுக்க, அதை நம்பி அவன் பாரிசுக்குப் புறப்பட்டுவிடுகிறான். தண்டனைச் சட்டத்தின் மரணதண்டனை பற்றிய ஒரே வாக்கியத்தை அச்சம், ஐயம், மகிழ்ச்சி எனப் பல்வேறு பாவங்களில் அவன் சொல்லிக்காட்டும் காட்சி இன்றும் நடிப்புப் பயில்வோருக்குப் பாடமாக விளங்குகின்றது. முடிவில், உருக்கமாக நடித்ததாகத் தான் நம்பிய காட்சிகளுக்கு மக்கள் விழுந்து விழுந்து சிரித்ததை அறிந்து அவன் வெட்கிப்போகிறான். அப்போது அவனை நேசிக்கும் பெண், வயலில் உழைத்துக் களைத்தவரும் வீட்டில் துயரம் சுமப்பவரும் சில கணம் தம்மை மறந்திருக்க உதவுபவனின் தொழில் தாழ்ந்ததன்று என்பதை அவனுக்கு உணர்த்துகிறாள். பாஞோல் அக்காட்சியில் எடுத்துக்காட்டியது பெர்னாந்தெல்லின் சொந்த வாழ்க்கையின் நியாயத்தையே எனலாம்.

தபாற்காரன் பெற்ற மாளிகை

'மொந்தெசீர் குடும்பத்தின் வாரிசு' படத்தை இயக்கியவர் அல்பெர் வலாந்தன். எல்விர் பொப்பெஸ்கோ, ஜூல் பெரி ஆகியோர் உடன் நடித்தனர். ஊர்மக்களின் கடிதங்களைச் சுமந்து திரிந்த தபாற்காரன் பியனெமே, காலஞ்சென்ற பிரபுவின் வாரிசு தானே என்பதை அறிகிறான். பட்டமும் மாளிகையும் அவனுடையதாகின்றன. ஆனால் அந்த வாழ்க்கைக்குரிய நடையுடை பாவனைகளை அவன் அறியான். சொத்தைக் கண்டு நெருங்கி வருவோரின் உள்நோக்கமும் அவனுக்கு விளங்காது. குடும்பத்து மூதாதையராகவும் பெர்னாந்தெல்லே தோன்றுகிறார். ஒரே முகம் தலைமுறைதோறும் மீண்டும் வருவதைக் காட்டிச் சிரிக்கவைப்பதே அதன் உத்தி.

இக்கதைப் பொருள் நமக்குப் புதியதன்று. 1949 இல் அறிஞர் அண்ணா எழுதி, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் நடித்த 'நல்லதம்பி' திரைப்படமும் எதிர்பாராமற் பெருஞ்சொத்துக்கு வாரிசாகும் எளிய மனிதனின் கதையே. 1936 இல் அமெரிக்காவில் பிராங் காப்ரா இயக்கிய படமொன்றின் தழுவல் அது. கலைவாணர் அச்செல்வத்தைச் சமுதாயச் சீர்திருத்தத்துக்குரிய கருவியாக்கிக் காட்டினார். பெர்னாந்தெல்லின் படத்தில் அத்தகைய பிரசாரம் இல்லை. ஆயினும், பெட்டிநிறையப் பணம் வந்தாலும் மனிதனின் குணம் ஒரே நாளில் மாறிவிடாது என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொதுவானது.

கவலை தரும் ஓர் உண்மையும் இப்படத்துடன் இணைந்துள்ளது. ஜேர்மனியின் ஊபா நிறுவனத்தின் பிரெஞ்சுக் கிளை தயாரித்த படம் இது. 1939 இல் பேர்லினுக்கு அருகிலுள்ள பாபெல்ஸ்பெர்க் படப்பிடிப்புக் கூடங்களில் உருவானது. அந்நாளில் பல பிரெஞ்சு நடிகர்கள் அங்கு சென்று நடித்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் உலகப்போர் மூண்டது. சிரிப்பதற்காக எடுக்கப்பட்ட படம் திரைக்கு வந்த 1940 இல், பிரான்ஸ் தோல்வியையும் ஆக்கிரமிப்பையும் கண்டது.

போரும் சிரிப்பும்

அதே 1940 இல் பாஞோல் எடுத்த 'கிணறு வெட்டுபவரின் மகள்' எதிர்பாராத வாரிசு என்ற பொருளை வேறு கோணத்திற் காட்டியது. நாடு வீழ்ந்துகொண்டிருந்த மாதங்களிலேயே தடைப்பட்டுத் தடைப்பட்டு உருவான படம் அது. ஏழைத் தொழிலாளியின் மகள், செல்வந்தரின் மகனான விமானியாற் கருவுறுகிறாள். அவனோ போருக்கு அழைக்கப்பட்டுவிடுகிறான். அவனுடைய பெற்றோர் அந்தப் பெண்ணையும் பிறக்கப்போகும் பிள்ளையையும் ஏற்க மறுக்கின்றனர். மகன் போரில் இறந்துவிட்டதாகச் செய்தி வந்ததும், அதே பெற்றோர் தம் வம்சத்தின் ஒரே தொடர்ச்சியான அந்தக் குழந்தையைப் பார்க்க ஏழையின் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். பின்னர் மகன் உயிருடன் திரும்பி வருகிறான். பெர்னாந்தெல் இதில் கிணறு வெட்டுபவரின் உதவியாளர். பிறருடைய குழந்தையைச் சுமப்பவள் என்று அறிந்தும் அப்பெண்ணுக்கு வாழ்வளிக்க முன்வரும் பெருந்தன்மை மிக்க பாத்திரம். போரிற் பிள்ளைகளை இழந்த, அல்லது அவர்கள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமற் காத்திருக்கும் நம் பெற்றோருக்கு இக்கதையை எவரும் விளக்கிக் கூறவேண்டியதில்லை.

ஆக்கிரமிப்புக் காலத்தில் அவர் தொடர்ந்து நடித்தார், இயக்கவும் செய்தார். 1942 இல் வந்த 'சம்ப்லே', 1943 இல் வந்த 'அட்ரியன்' ஆகியவற்றை அவரே இயக்கினார். இவை ஜேர்மனியரின் முதலீட்டில் பாரிசில் இயங்கிய கொன்டினென்டல் நிறுவனத்தின் படங்கள். அரசியற் பிரசாரம் அவற்றில் இல்லை. எனினும் அந்நிறுவனத்துக்காக நடித்தமை அக்காலக் கலைஞர் பலரது வாழ்க்கை வரலாற்றில் உள்ளது போலவே அவருடைய வரலாற்றிலும் உள்ளது. அதை மறைத்து எழுதுவது முறையன்று.

அதே காலத்தில் மற்றொரு மனிதருக்கு நேர்ந்ததையும் இங்கு சொல்லவேண்டும். 1939 இல் பெர்னாந்தெல் பாடிப் பிரபலமாக்கிய 'பெலிசி ஒசி' என்னும் பாடல், பிரெஞ்சுக் குடும்ப விழாக்களில் நெடுங்காலம் பாடப்பட்டுவந்த கேலிப்பாட்டு. அதற்கு இசையமைத்தவர் கசிமிர் ஒபெர்பெல்ட். போலந்தின் வூட்ஜ் நகரில், பெர்னாந்தெல் பிறந்த அதே 1903 இற் பிறந்து, பிரான்சைத் தம் நாடாக ஏற்றுக்கொண்ட யூதர். பிரான்சிற் கைதுசெய்யப்பட்டு அவுஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு நாடுகடத்தப்பட்டு, 1945 இல் உயிரிழந்தார். ஒரே பாடலின் பாடகர் முதுமை வரை வாழ்ந்து புகழ் பெற்றார். இசையமைப்பாளர் கல்லறையின்றி மறைந்தார். பாடலைக் கேட்டுச் சிரித்த பலர் அவர் பெயரை அறியார். தஞ்சம் புகுந்தவர்கள் ஒரு நாட்டுக்கு எதைக் கொடுத்தார்கள், அந்நாட்டிற் சிலர் அவர்களுக்கு எதைச் செய்தார்கள் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எல்லைகளைக் கடந்த பாதிரியாரும் பசுவும்

போருக்குப் பின்னர் அவருடைய புகழ் உச்சத்தை எட்டியது. 1952 இல் ஜூலியன் துவிவியே இயக்கிய 'தொன் கமில்லோ' படம் பிரான்சில் மட்டும் 1 கோடி 20 இலட்சத்துக்கும் அதிகமான பார்வையாளரைப் பெற்றது. ஜொவானி குவாரெஸ்கி எழுதிய இத்தாலியக் கதைகளே அதன் மூலம். போ நதிச் சமவெளியில் ஒரு சிற்றூர். அங்கே முன்கோபியான பாதிரியார் ஒருவர். கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த மேயர் பெப்போனே. இருவரும் ஓயாது மோதுகிறார்கள். ஆனால் ஊருக்குத் துன்பம் என்றால் ஒருவரை ஒருவர் கைவிடுவதில்லை. மேயராக இத்தாலிய நடிகர் ஜீனோ செர்வி நடித்தார். இருவரும் இணைந்து 1965 வரை இவ்வரிசையில் ஐந்து படங்கள் வெளிவந்தன. படம்பிடிக்கப்பட்ட பிரெசெல்லோ என்ற ஊரின் சதுக்கத்தில் இருவருக்கும் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. மூதாதையர் பிழைப்புத் தேடி விட்டுவந்த நாட்டுக்கு, பேரப்பிள்ளை அந்நாட்டுக் கிராமத்துப் பாதிரியாராகத் திரும்பிச் சென்றான். அந்நாடும் அவனைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது.

கொள்கையால் பிரிந்தவர்கள் ஒரே ஊரில், ஒரே தெருவில், ஒருவரை ஒருவர் அழித்துவிடாமல் வாழமுடியும் என்பதே அப்படங்களின் உட்பொருள். இயக்கங்களின் பகையால் உடன்பிறந்தவர்களையே இழந்த நம் சமூகத்துக்கு அந்தச் சிரிப்பின் பின்னால் உள்ள அருமை புரியும்.

1954 இல் 'ஐந்து கால் ஆடு' என்ற படத்தில் ஒரு தந்தையாகவும் அவருக்கு ஒரே பிரசவத்திற் பிறந்த ஐந்து மகன்களாகவும் அவரே நடித்தார். பத்தாண்டுகளின் பின் 'நவராத்திரி'யில் ஒன்பது வேடமேற்ற நடிகர் திலகத்தை வியந்து பார்த்தவர்கள் நாம். இத்திறமையின் அளவை எளிதில் உணர்வோம்.

நம்மவர் ஒவ்வொருவரும் பார்க்கவேண்டிய படம் 1959 இல் ஆன்றி வெர்னாய் இயக்கிய 'பசுவும் கைதியும்'. 1943 ஆம் ஆண்டு. ஜேர்மனியப் பண்ணையொன்றில் வேலைசெய்யும் பிரெஞ்சுப் போர்க்கைதி ஒருவன் தப்பியோடத் துணிகிறான். அவன் கண்டுபிடித்த உபாயம் எளிமையானது. மார்கரீத் என்னும் பசுவைக் கயிற்றிற் பிடித்துக்கொண்டு, கையில் ஒரு பால்வாளியுடன் பட்டப்பகலில் நடக்கிறான். மாட்டுடன் செல்பவனை எவரும் சந்தேகிப்பதில்லை. சிப்பாய்களும் காவலரும் அவனைக் கடந்து போகின்றனர். நாட்கள் செல்லச் செல்ல அந்தப் பசு அவனுக்குத் துணையாகிவிடுகிறது. அதை விட்டுப் பிரியும் வேளையில் பார்ப்பவர் கண்களும் கலங்கும். இத்தனை பாடுபட்டுப் பிரான்சை அடைந்த பின்னர், துரத்துபவர்களிடமிருந்து தப்புவதற்காக அவன் பாய்ந்து ஏறும் புகையிரதமோ ஜேர்மனிக்குத் திரும்பிச் செல்லும் புகையிரதமாக இருந்துவிடுகிறது. முகவரை நம்பி, பனியிலும் காட்டிலும் எல்லைகளைக் கடந்து, பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடியும் புறப்பட்டவர்கள் இம்முடிவைப் பார்த்து வாய்விட்டுச் சிரிப்பார்கள்; சிரித்த பின்னர் சற்று நேரம் மௌனமாகவும் இருப்பார்கள். 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு மக்கள் இப்படத்தைத் திரையரங்குகளிற் பார்த்தனர். போர்முகாம்களிலிருந்து மீண்ட தந்தையரும் கணவரும் அக்காலத்தில் ஏறக்குறைய ஒவ்வோர் ஊரிலும் இருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால் இந்த எண்ணிக்கையின் காரணம் விளங்கும்.

விட்டுச் சென்றவை

தேடியதேட்டத்துக்குக் குறைவிருக்கவில்லை. 1963 இல் நடிகர் ஜான் கபனுடன் சேர்ந்து, இருவர் பெயர்களின் முதலெழுத்துக்களையும் இணைத்து காபெர் என்ற தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். மத்தியதரைக் கடலோரம் மார்செய்க்கு அருகில் கரி லு ரூவே என்ற ஊரில் வீடு கட்டினார். பாரிசில் வாழ்ந்தபோதும் ஊருடனான தொடர்பை அவர் விடவில்லை. மகன் பிராங், கொந்தாந்தன் என்ற பதிவுப்பெயரை விடுத்து, பிராங் பெர்னாந்தெல் என்ற பெயரிற் பாடகராகவும் நடிகராகவும் விளங்கினார். அகதி விண்ணப்பங்களில் தந்தையின் பெயர் குடும்பப் பெயராகவும், தன் பெயர் முதற்பெயராகவும் மாறி, பிள்ளைகள் இந்நாட்டில் தாத்தாவின் பெயரால் அழைக்கப்படுவதைக் கண்டு திகைத்தவர்கள் நாம். பாட்டியார் ஒருவரின் கேலிச்சொல், பேரப்பிள்ளைக்குப் பெருமைக்குரிய பெயராகிவிட்டதைப் பார்க்கையில், ஒரு பெயரின் மதிப்பு பதிவேட்டினால் மட்டும் வருவதன்று என்பது தெளிவாகின்றது.

அவர் முழுமையாக நடித்து முடித்த இறுதிப் படம் 1970 இல் வெளிவந்தது. ஆன்றி கொல்பி இயக்கிய அப்படத்தில் அவர் முதிய பண்ணையாள். காளைப்போர்க் களத்துக்கு விற்கப்பட்டுவிட்ட உலீஸ் என்னும் கிழட்டுக் குதிரையை அழைத்துக்கொண்டு, அதை விடுதலை செய்வதற்காகக் கமார்க் சதுப்புநிலங்களை நோக்கி நடந்துசெல்கிறார். பதினாறாம் நூற்றாண்டில் ரோமாபுரியிலிருந்து தம் ஊரை நினைந்து ஏங்கிய கவிஞர் ஜோவாகிம் து பெல்லேயின் கவிதையிலிருந்து அப்படத்தின் பெயர் எடுக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே ஆறாவது 'தொன் கமில்லோ' படத்தின் வேலைகள் தொடங்கின. உடல்நலம் குன்றியமையால் அவரால் அதை முடிக்க இயலவில்லை. நுரையீரற் புற்றுநோயால் 1971 பெப்ரவரி 26 ஆம் திகதி, தமது 67 ஆவது வயதில் பாரிசிற் காலமானார். பதினாறாம் வட்டாரத்தின் பாசி மயானத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது. மார்செய் மண்ணின் மைந்தர், தாம் வந்து பிழைத்த நகரிலேயே துயில்கின்றார்.

கட்டிய வீடும் சேர்த்த பணமும் குடும்பத்தாருக்குச் சென்றன. முகமும் குரலும் உச்சரிப்பும் அவரை அறியாத தலைமுறைகளுக்கும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்திற் பாரிஸ் பிரெஞ்சைக் குற்றமறப் பேசுகிறார்கள். பெற்றோரின் பிரெஞ்சைக் கேட்டு அவர்களே சிலவேளை சிரிப்பதும் உண்டு. வீட்டில் பேசும் யாழ்ப்பாணத்துத் தமிழை வெளியிற் பேசக் கூசுவதும் உண்டு. உச்சரிப்பை மறைக்காமலே இந்நாட்டின் இதயத்தில் இடம்பிடித்த ஒரு மனிதரை அவர்களுக்கு அறிமுகப்படுத்துவது பயன் தரும். நகரசபை நூலகங்களில் அவருடைய படங்களின் இறுவட்டுகளை இரவலாகப் பெறலாம். 'பசுவும் கைதியும்' படத்தில் தொடங்குவது நல்லது. பிரெஞ்சு விளங்காத அம்மாவும் அப்பாவும் பிள்ளைகளுடன் ஒரே நேரத்திற் சிரிக்கக்கூடிய படம் அது. படம் முடிந்ததும், தாம் எல்லைகளைக் கடந்து வந்த கதையைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லவும் கூடும்.